பார்சிலோனா போனால் இந்தச் சந்துக்குள் நுழையாமல் வந்துவிடாதீர்கள்

நகரின் பழைய பகுதியான கோதிக் பகுதியில், கதீட்ரலுக்குப் பின்னால் பரதீஸ் என்றொரு குறுகிய சந்து. அங்கே 10-ஆம் எண் கட்டடத்தின் முற்றத்துக்குள், சுமார் 9 மீட்டர் உயர ரோமானியத் தூண்கள் நான்கு கம்பீரமாக நிற்கின்றன. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்கான கோயிலின் மிச்சம், 2000 வருடப் பழசு! நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே போகுமுன் வாசலருகே தரையைப் பாருங்கள்: வட்டமான ஆலைக்கல் ஒன்று பதித்திருக்கும். பழைய ரோமானிய நகரம் அமைந்த குன்றின் உச்சி அதுதான். கோயிலை ஏன் இங்கே கட்டினார்கள் என்பது உடனே விளங்கிவிடும்.

கோயிலுக்குக் கால் மணி நேரம் போதும். மிச்ச நேரத்தை, நடை தூரத்திலுள்ள பிளாசா தெல் ரே அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். இதற்கு டிக்கெட் உண்டு. நிலத்தடியில் ரோமானியத் தெருக்கள், சாயப்பட்டறை, மீன்சாறு தயாரித்த தொட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவசரமாகப் பார்த்தால் வீண். திறக்கும் நேரம் கிழமைக்குக் கிழமை மாறும், முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.