வீடிழந்த தாய்க்குத் துணைநிற்கும் திருச்சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலையோடு சேர்ந்தே லயன் வீடும் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) கிடைப்பதால், வேலை போனால் வீடும் போய்விடுகிறது. அப்படிப் பிள்ளைகளோடு வெளியேறி வரும் தாய்க்கு ஒரு கம்பளியும் ஒரு மாத அரிசியும் கொடுத்தவுடன் கடமை முடிந்ததாகச் சபையார் எண்ணிவிடுகிறோம். டிசம்பர் உறைபனியில் கம்பளி தேவைதான். ஆனால் ஜனவரியில் அவரை யார் போய்ப் பார்த்தார்கள்?

இவற்றுள் மிகப் பெரிய தவறு, "பிள்ளைகளை ஹோமில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் வேலைக்குப் போகலாம்" என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுவது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்துள்ள கொள்கை. வீட்டை இழந்தவரிடமிருந்து பிள்ளைகளையும் பிரித்துவிட்டால், அவர் எதற்காக மீண்டெழ வேண்டும்?

மாற்றுச் சான்றிதழ் வரட்டும், ஜூன் பிறக்கட்டும் என்று பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போடுவதும் வீண். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைக்கு அச்சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ இயலாது.

நாங்களே செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தாய் தம் ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டி ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தார். நனைந்துவிடுமே என்று அதை வாங்கி ஆலய அலுவலக பீரோவில் பூட்டினோம். அதன்பின் ஒவ்வொரு மனுவுக்கும் அவர் சாவி வைத்திருந்தவரைத் தேடி மேடேறி வர நேர்ந்தது. மூன்றாம் முறை வந்தபோது, "என் கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

வாடகை குறைவு என்பதற்காகத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இருட்டினால் கரடி நடமாடும் பாதையில் வீடு பிடித்துக் கொடுக்கக் கூடாது. அட்வான்ஸைச் சபை கொடுத்தாலும் ஒப்பந்தம் தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும்; பின்னர் முகவரி மாற்றத்துக்கு அதுவே உதவும்.

ஞாயிறு ஆராதனையில் அவரை எழுப்பிச் சாட்சி சொல்ல வைப்பதையும், பிள்ளைகளின் படத்தைச் சபை மலரில் போடுவதையும் அறவே விட்டுவிடலாம். அடிக்குத் தப்பி வந்தவரானால் இருப்பிடம் கணவனுக்குத் தெரிந்துவிடும். அத்தகையவருக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணை முதலில் சொல்ல வேண்டும். ஆலயத்துக்கு வருவதை உதவிக்கு நிபந்தனையாக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

துணைநிற்கும் பொறுப்பை ஆயரிடம் மட்டும் விட்டுவிடாமல், அதே ஊரில் குடியிருக்கும் பெண்கள் இருவரிடம் ஓராண்டுக்காவது ஒப்படைப்பது நல்லது. ஆயர் மே மாதத்தில் மாற்றலாகிப் போய்விடக்கூடும்.