சொத்து வரி உயர்வு வாக்கெடுப்பு: வாக்களிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பல ஊர்களில் பள்ளி, தீயணைப்பு, நூலகம், சாலைப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் போதாமல் போகும்போது, சொத்து வரியை உயர்த்தலாமா என்ற கேள்வி நேரடியாக வாக்காளர்களிடமே வருகிறது. ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் இரு தரப்பினரும் பெரும்பாலும் தடுமாறுவது கொள்கையில் அல்ல, கணக்கில்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1980 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ஓர் ஊர் திரட்டக்கூடிய மொத்தச் சொத்து வரியின் வரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம் மட்டுமே உயரலாம்; புதிய கட்டடங்களால் வரும் வரி அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளப்படும். இதைத் 'தன் வீட்டு வரி 2.5 சதவீதத்துக்கு மேல் ஏறாது' என்று புரிந்துகொள்வதே மிகப் பரவலான தவறு. வரம்பு ஊருக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. மற்ற வீடுகளைவிட ஒருவருடைய வீட்டின் மதிப்பு வேகமாக ஏறியிருந்தால், வாக்கெடுப்பே நடக்காத ஆண்டிலும் அவருடைய வரி 6 சதவீதம் கூடலாம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீட்டு மதிப்புகள் ஏறிவிட்டதால் ஊருக்குத் தானாகவே பணம் கொட்டுகிறது என்று எண்ணி, உயர்வு எதற்கு என்று கேட்கிறார்கள். திரட்ட வேண்டிய மொத்தத் தொகை மாறாமல் இருக்க, எல்லா மதிப்புகளும் பத்தில் ஒரு பங்கு கூடினால், வரி விகிதம் பதினொன்றில் ஒரு பங்கு குறையும். யாருடைய வரியும் மாறாது.

அடுத்தது, வாக்குச்சீட்டில் உள்ள கேள்வியின் வகையைக் கவனிக்காமல் விடுவது. 'ஓவர்ரைடு' எனப்படும், 2.5 சதவீத வரம்பை மீறிய உயர்வு நிரந்தரமானது. அது வரம்போடு கலந்துவிடுவதால், இந்த ஆண்டு 10 லட்சம் டாலருக்கு ஒப்புதல் அளித்தால், அடுத்த ஆண்டு வரம்பில் அதன் பங்கு 10.25 லட்சமாகிறது. கட்டடக் கடனை அடைக்க, வரம்புக்கு வெளியே கூடுதல் வரி திரட்டக் கேட்கப்படும் 'விலக்கு' அப்படிப்பட்டதன்று. கடன் அடைந்ததும் அதுவும் முடிந்துவிடும். பள்ளிக் கட்டடத்துக்கான தற்காலிக உயர்வை நிரந்தரச் சுமை என்று அஞ்சி எதிர்ப்பவர்களும், ஆசிரியர் ஊதியத்துக்கான நிரந்தர உயர்வை ஓராண்டுச் செலவு என்று எண்ணி ஆதரிப்பவர்களும் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருப்பதுண்டு. ஓவர்ரைடு கேள்வியில் எழுதப்பட்டுள்ள நோக்கம் முதல் ஆண்டுக்கு மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதையும் பலர் அறிவதில்லை; நூலகத்துக்கு என்று பெற்ற தொகை பின்னாளில் வேறு துறைக்குச் செல்ல இடமுண்டு.

இன்னொரு மாநிலத்தில் வசிக்கும் உறவினரின் அனுபவத்தை வைத்து முடிவெடுப்பதும் சரியன்று. கலிபோர்னியாவில் 1978-இல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு, வீடு கைமாறாதவரை அதன் மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தப்படுவதில்லை. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு அண்டை வீடுகளின் வரியில் பெரிய வேறுபாடு இருக்கலாம். ஒஹாயோவிலோ வரி 'மில்' கணக்கில் கேட்கப்படுகிறது. ஒரு மில் என்பது ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். ஆனால் வீட்டின் சந்தை மதிப்பில் 35 சதவீதத்தின் மீதே அது கணக்கிடப்படும். 2,00,000 டாலர் வீட்டுக்கு 5 மில் என்றால் ஆண்டுக்கு 1,000 டாலர் என்று பதறுபவர், 70,000 டாலர் மீது கணக்கிட்டுப் பார்த்தால் 350 டாலர்தான் வரும். சலுகைகள் இருந்தால் அதுவும் குறையும்.

மாசசூசெட்ஸ் ஊர்களில் ஓவர்ரைடுக்கு வாக்குச்சாவடியில் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் போதாது. அந்தச் செலவுக்கு ஊர்க்கூட்டமும் ஒப்புதல் தர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுபவர்களால், ஊர் விரும்பிய முடிவே தோற்றுப்போகக்கூடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் தங்களுக்கு இதில் தொடர்பில்லை என்று ஒதுங்குவதும் தவறே. வீட்டு உரிமையாளர் வரியை வாடகையில் சேர்ப்பதற்கு வழி உண்டு. முதியவர்களால் தாங்க முடியாது என்ற வாதம் நியாயமானதுதான், ஆனால் அதை முன்வைப்பவர்களில் பலர் இருக்கும் சலுகைகளை விசாரிப்பதில்லை. மாசசூசெட்ஸில் 65 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பு உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சொத்து வரிச் சுமையை ஈடுகட்டும் மாநில வருமான வரிச் சலுகை உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும் அதைக் கோரலாம். வருமான வரியே கட்ட வேண்டாத முதியவருக்கும் அத்தொகை கிடைக்கும், ஆனால் அவர் வரிப் படிவத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.