டர்பனில் தீ பிடித்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ கோயில் பூசைக்கோ டர்பன் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியது 101, 108 என்ற இரண்டு எண்களை. தமிழ்நாட்டில் தீயணைப்பு என்பது மாநில அரசின் ஒரே துறை, எந்த ஊரில் தீ பிடித்தாலும் அதே துறையின் சிவப்பு வண்டிதான் வரும். தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. தீயணைப்பு முனிசிபாலிட்டியின் வேலை, ஆம்புலன்ஸ் மாகாண சுகாதாரத் துறையின் வேலை, போலீஸ் தேசிய அரசின் வேலை. அரசியலமைப்புச் சட்டத்திலேயே இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யவில்லை என்று சண்டை போட்டுப் பயனில்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எண்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, போலீஸுக்கு 10111. செல்ஃபோனிலிருந்து 112 அடித்தால் ஏர்டைம் (பேலன்ஸ்) இல்லாவிட்டாலும் போகும், ஆனால் அது ஒரு பொதுக் கால் சென்டர், அங்கிருந்துதான் உரிய இடத்துக்கு மாற்றி விடுவார்கள். டர்பன் நகர முனிசிபாலிட்டியான ஈதெக்வினி எல்லைக்குள் தீ என்றால் நகரத்தின் அவசர எண் 031 361 0000-ஐ நேராக அடிப்பதே நல்லது. இடம் சொல்லும்போது பேட்டை பெயர், தெரு, குறுக்குத் தெரு மூன்றையும் சொல்லுங்கள். டர்பனில் தெருப் பெயர்களை மாற்றி வருடக்கணக்காகியும் நம் ஆட்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள், வரைபடத்தில் இருப்பதோ டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். இரண்டையும் சொல்லிவிடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸும் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், தீயணைப்பு வண்டி வந்தால் ஆம்புலன்ஸும் தானாகப் பின்னால் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறதா என்று கேட்பார்கள், அந்த அட்டையைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

சரி, தீயணைப்புக்குள் யார் யார்? 1987-ஆம் ஆண்டின் 99-ஆம் எண் சட்டமான தீயணைப்புப் படைச் சேவைகள் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதன்படி தீயணைப்புப் படை வைத்திருக்கும் ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் ஒரு தலைமைத் தீயணைப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். தீ நடக்கும் இடத்தில் அந்தப் படைக்கு இருக்கும் அதிகாரம் சாதாரணமானது அல்ல: தெருவை மூடலாம், பூட்டிய கதவை உடைத்து உள்ளே போகலாம், தீ பரவாமல் இருக்க பக்கத்துச் சுவரை இடிக்கலாம், வழியை மறிப்பவரை அப்புறப்படுத்தலாம். 'என் வீட்டுக்குள் என்னைக் கேட்காமல் எப்படி நுழையலாம்' என்று கத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. தீயை அணைப்பது மட்டும் அல்ல, தீ வராமல் தடுப்பது, வேறு ஆபத்திலிருந்து உயிரையும் பொருளையும் மீட்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் இவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. அதனால்தான் கார் மோதி நசுங்கி ஆள் உள்ளே மாட்டிக்கொண்டாலும் இவர்களையே கூப்பிடுகிறோம்.

ஈதெக்வினி ஒரு மெட்ரோ, அதாவது ஒரே அடுக்கு உள்ள பெருநகர முனிசிபாலிட்டி, ஆகவே டோங்காட், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ எல்லாம் ஒரே படையின் கீழ் வருகின்றன. எல்லையைத் தாண்டினால் கதை வேறு. ஸ்டேங்கர் இருக்கும் குவாடுகுசா ஓர் உள்ளூர் முனிசிபாலிட்டி, அதற்கு மேலே இலெம்பே என்ற மாவட்ட முனிசிபாலிட்டி. இப்படி இரண்டு அடுக்கு உள்ள இடங்களில் திட்டமிடல், ஒருங்கிணைப்பு, பயிற்சி, அப்புறம் மலைத்தீ, புல்வெளித் தீ, ரசாயனத் தீ போன்ற சிறப்பு வேலைகள் மாவட்டத்தின் பொறுப்பு என்று 1998-ஆம் ஆண்டின் முனிசிபல் அமைப்புச் சட்டம் சொல்கிறது. மாரிட்ஸ்பர்க்கிலும் இதே இரண்டு அடுக்குதான். பக்கத்து முனிசிபாலிட்டிகள் ஒருவருக்கொருவர் கை கொடுக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், அதனால் வேறு ஊர்ப் பெயர் எழுதிய வண்டி வந்தால் குழம்ப வேண்டாம்.

வண்டியில் வருகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். கோயில் கமிட்டிக்கும் கடைக்காரருக்கும் அதிகம் வேண்டியது அலுவலகத்தில் இருக்கும் தீப் பாதுகாப்புப் பிரிவு. மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம், வெளியேறும் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கடையில் எவ்வளவு பெட்ரோல், தின்னர் வைக்கலாம் என்பதையெல்லாம் பார்ப்பது அவர்கள்தான். காவடிக்கும் புரட்டாசிக்கும் அன்னதானம் சமைக்கும் இடத்தில் 48 கிலோ கேஸ் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்துகிறோம் அல்லவா, அந்தக் குழாய் இணைப்பைப் பதிவு பெற்ற கேஸ் இன்ஸ்டாலர் செய்து சான்றிதழ் தர வேண்டும், தெரிந்த பையன் மாட்டிக் கொடுத்தான் என்பது செல்லாது. பூக்குழி இறங்கும் திருவிழாவுக்குத் திறந்த வெளியில் தீ மூட்டுவதைப் பற்றியும் இதே பிரிவில் கேளுங்கள், கொடியேற்றத்துக்கு முதல் நாள் அல்ல, சில வாரங்களுக்கு முன்னால். இரண்டாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் நிகழ்ச்சி என்றால் 2010-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், அதில் ஆபத்து எவ்வளவு என்று தரம் பிரிப்பது போலீஸ்.

கரும்புத் தோட்டம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. காய வைத்த துணியில் கரித்தூள் விழுந்தால் பெரும்பாலும் அது அறுவடைக்காக வேண்டுமென்றே வைத்த தீ. நில உரிமையாளர் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத்தீச் சட்டம். உரிமையாளர்கள் சேர்ந்து தீப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருப்பார்கள். ஆனால் தீ வேலியைத் தாண்டி வீட்டுப் பக்கம் வருகிறது என்றால் விசாரித்துக்கொண்டு நிற்காமல் ஃபோனை எடுங்கள்.

ஒரே தீக்குப் பல கதவுகள் இருக்கும் என்பதற்கு 2021 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் எரிந்த ரசாயனக் கிடங்கே போதும். தீயை அணைத்தது தீயணைப்புப் படை. புகை, ஆற்றில் கலந்த ரசாயன நீர், செத்து மிதந்த மீன்கள் எல்லாம் சுற்றுச்சூழல் அதிகாரிகளின் கணக்கு, கடற்கரையை மூடியது நகர நிர்வாகம். 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி இன்னும் பெரிதாக வந்தால் 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் முன்னால் வரும். முனிசிபாலிட்டி, மாகாணம், தேசம் என்று மூன்று மட்டத்திலும் அதற்கு மையங்கள் உண்டு. வீடு இழந்தவர்கள் நிவாரணத்துக்குப் போய் நிற்க வேண்டியது தீயணைப்பு நிலையத்தில் அல்ல, அந்த மையத்திடம், வார்டு கவுன்சிலர் வழியாகப் போனால் சீக்கிரம் நடக்கும்.

கடைசியாகப் பணம். தீயணைப்புச் சேவைக்குக் கட்டணம் வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, எனவே பில் வந்தால் ஏமாற்று வேலை என்று கிழித்துப் போடாமல் முதலில் இன்ஷூரன்ஸுக்கு அனுப்புங்கள், பல வீட்டு பாலிசிகளில் இதற்கு இடம் உண்டு. இன்ஷூரன்ஸ்காரர் தீ விபத்து அறிக்கை கேட்பார். தேதி, முகவரி, தோராயமான நேரம் இவற்றோடு படையின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வந்த வண்டி எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று அன்றைக்கே குறித்து வைத்திருந்தால் தேடுவது எளிது.