டீப் டிஷ்ஷா, தின் கிரஸ்ட்டா? சிகாகோ பீட்சாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெட்டியை இறக்கி வைத்த கையோடு கேட்பது, “சிகாகோ பீட்சா சாப்பிட எப்போ கூட்டிட்டுப் போறே?” என்றுதான். அவர்கள் மனத்தில் இருப்பது படங்களில் பார்த்த டீப் டிஷ்: இரண்டு அங்குல உயரம், மேலே தக்காளி, தூக்கினால் கயிறு மாதிரி நீளும் சீஸ். ஒரு வேளை அதைச் சாப்பிட்டு, வயிறு கனத்து, “இது நமக்கு ஒத்துவராதுப்பா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் நிறையப் பேர். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கும். இந்த ஊர் பீட்சாவில் பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை. பார்த்த பாதியையும் தப்பான நேரத்தில், தப்பான அளவில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

டீப் டிஷ் மட்டும்தான் சிகாகோ பீட்சா என்று நினைப்பது

நகரத்தின் தெற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு என்ன பீட்சா வாங்குவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தின் கிரஸ்ட் என்றுதான் சொல்வார். வட்டமாகச் சுட்டு, சதுரம் சதுரமாக வெட்டி, கடித்தால் நொறுங்கும் பீட்சா. இதற்கு ‘டேவர்ன் ஸ்டைல்’ என்று பெயர். டேவர்ன் என்றால் தெருமுனை மதுக்கடை. வேலை முடிந்து பீர் குடிக்க வந்தவர்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கக் கடைக்காரர்கள் உப்பும் காரமுமாகக் கொடுத்த தீனி இது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. தட்டு கிடையாது, கத்தி கிடையாது. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் காகிதக் கைக்குட்டையின் மேல் ஒரு சின்னச் சதுரம். அந்த வெட்டு முறை வந்ததற்குக் காரணமே அதுதான் என்பார்கள்.

31வது தெருவில் உள்ள ஹோம் ரன் இன் 1923இல் தொடங்கிய கடை. எதிரே இருந்த பூங்காவிலிருந்து பறந்து வந்த பேஸ்பால் ஜன்னலை உடைத்ததால்தான் அந்தப் பெயர் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். அங்கே 1947இலிருந்து பீட்சா போடுகிறார்கள். 84வது தெருவும் புலாஸ்கி சாலையும் சந்திக்கும் இடத்தில் வீட்டோ அண்ட் நிக்ஸ் இருக்கிறது. சுவரில்கூடக் கம்பளம் ஒட்டிய பழைய கடை. உள்ளே நுழைந்தால் சுற்றுலாப் பயணி என்று யாரும் கண்ணில் பட மாட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு வந்த தாத்தாக்கள், ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், இப்படித்தான் இருப்பார்கள்.

டீப் டிஷ்ஷின் பிறந்த வீடு நகரத்தின் நடுப்பகுதி. 1943இல் ஓஹாயோ தெருவும் வாபாஷ் அவென்யூவும் கூடும் மூலையில் ஐக் சீவெல், ரிக் ரிக்கார்டோ என்ற இருவர் தொடங்கிய கடைதான் பின்னால் பிட்ஸேரியா யூனோ ஆனது. செய்முறை யாருடையது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. அங்கே வேலை பார்த்த ரூடி மல்னாட்டியின் பெயரையும் சொல்வார்கள். அவருடைய மகன் லூ தொடங்கியதுதான் 1971இன் லூ மல்னாட்டிஸ். என்னைக் கேட்டால், யூனோவின் அடுப்படியில் நின்ற ஆலிஸ் மே ரெட்மண்ட் என்ற கறுப்பினச் சமையல்காரம்மாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே மாவைப் பக்குவப்படுத்தியவர், பிறகு ஜினோஸ் ஈஸ்ட் கடைக்குப் போய் அங்கேயும் மாவு அவர் கைப்பக்குவத்தில்தான் வந்தது. முதலாளிகளின் பெயர் ஊருக்கே தெரிகிறது, அவர் பெயர் கொஞ்சம் பேருக்குத்தான் தெரிகிறது.

அப்புறம், இதற்கு நேரெதிரான தவறும் ஒன்று உண்டு. “உள்ளூர்க்காரங்க டீப் டிஷ்ஷைத் தொடவே மாட்டாங்க, அது சுற்றுலாக்காரங்களுக்கு” என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. ஜனவரிக் குளிரில், பிறந்தநாளில், வெளியூர் விருந்தாளி வரும்போது இங்கே எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள். வேறு மாநிலத்தில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு உறையவைத்த டீப் டிஷ்ஷைப் பார்சலில் அனுப்பும் அம்மாக்களும் இருக்கிறார்கள். வாராவாரம் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான். நம் வீட்டில் பிரியாணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமாவு தடியாக இருக்கும் என்று நினைப்பது

நான் அதிகம் கேட்கும் தவறு இது. டீப் டிஷ்ஷில் ஆழம் இருப்பது தட்டில்தான், மாவில் இல்லை. கறுத்துப் பழகிய வட்டமான எஃகுத் தட்டு. அதில் எண்ணெய் தடவி, மாவை விரலால் அழுத்தி அழுத்திப் பரப்பி, ஓரத்தில் சுவர் மாதிரி ஏற்றிவிடுவார்கள். மாவு மெல்லிசாகத்தான் இருக்கும். மாவிலேயே எண்ணெயோ வெண்ணெயோ நிறையச் சேர்வதால் ரொட்டி மாதிரி உப்பாது. சோமாசியின் மேல்மாவு மாதிரி பொறபொறவென்று உதிரும்.

அதற்கு மேல் அடுக்கும் வரிசையும் தலைகீழ். முதலில் மாவின் மேல் மொசரெல்லா சீஸ் வில்லைகள். அதன்மேல் சாசேஜ் அல்லது காய்கறி. எல்லாவற்றுக்கும் மேலே கசக்கிய தக்காளி, கடைசியாகத் துருவிய கெட்டி சீஸ். அடுப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டிய பண்டம் இது. சீஸ் மேலே இருந்தால் அவ்வளவு நேரத்தில் கருகிவிடும். அதனால்தான் தக்காளி மேலே வந்து உட்கார்ந்தது. “சாஸை ஏன் மேலே ஊத்தியிருக்காங்க?” என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

மாவு மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மக்காச்சோள மாவு கலந்திருக்கிறார்கள் என்று எழுதும் சமையல் குறிப்புகள் ஏராளம். லூ மல்னாட்டிஸ் மாவில் அது கிடையாது. அப்படியொரு குறிப்பைப் பார்த்து வீட்டில் செய்தால் நறநறவென்று வேறொரு பண்டம்தான் வரும்.

இன்னொரு குழப்பம் ஸ்டஃப்டு பீட்சா. சீஸை நிரப்பி, அதன்மேல் இன்னொரு மெல்லிய மாவை மூடி, ஓரத்தைச் சேர்த்து ஒட்டி, அதற்கும் மேலே சாஸ் ஊற்றுவார்கள். 1970களில் நான்ஸிஸ், ஜியோர்டானோஸ் கடைகளில் பிரபலமானது. இத்தாலியில் ஈஸ்டர் பண்டிகைக்குச் சுடும் ‘பை’ (pie) என்ற, உள்ளே நிரப்பி மூடிய பண்டம்தான் இதற்கு மூலம். கயிறு மாதிரி சீஸ் நீளும் படங்களில் பாதி இந்த வகைதான். இதைச் சாப்பிட்டுவிட்டு “டீப் டிஷ் ரொம்ப கனம்” என்று சொல்வது நியாயமில்லை. இந்தியாவில் நாம் சாப்பிட்டுப் பழகிய பான் பீட்சாவும் டீப் டிஷ் கிடையாது. பீட்சா ஹட்டின் சொந்த ஊர் கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டா. அந்தப் பான் பீட்சாவில் பஞ்சு மாதிரி உப்பிய மாவுதான் முக்கியம். சிகாகோ டீப் டிஷ்ஷில் அந்தப் பஞ்சே இருக்காது.

தின் கிரஸ்ட் எல்லாம் ஒன்றே என்று நினைப்பது

நியூயார்க் பீட்சாவும் மெல்லிசுதான், ஆனால் அதைக் கையால் விரித்து, பெரிய முக்கோணமாக வெட்டி, மடித்துச் சாப்பிடுவார்கள். சிகாகோ தின் கிரஸ்ட்டை மடித்தால் உடையும். இங்கே மாவைக் கட்டையாலோ இயந்திரத்தாலோ தேய்த்து, குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டுத்தான் சுடும் வழக்கம். மேல்பக்கம் லேசாக உலர்ந்துவிடுவதால்தான் அந்த நொறுநொறுப்பு. சாஸும் சீஸும் கிட்டத்தட்ட விளிம்புவரை போகும், பிடித்துக்கொள்ள வெற்று ஓரம் இருக்காது. அதனால் முக்கோணமாக வெட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். நடுச் சதுரத்தில் சாஸ் அதிகம், ஓரத் துண்டில் மொறுமொறுப்பு அதிகம். சதுரமாக வெட்டும்போது வட்டத்தின் ஓரங்களில் சின்னச் சின்ன முக்கோணங்கள் தப்பிப் பிறக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் சண்டை போடுவது அதற்குத்தான்.

ஒரு விஷயம் கட்டாயம் செய்யுங்கள்: ஜார்டினேரா கேளுங்கள், காரமானது. கேரட், காலிஃபிளவர், செலரி, மிளகாய் எல்லாம் எண்ணெயில் ஊறிய ஊறுகாய் அது. தின் கிரஸ்ட் மேல் அதைப் போட்டுச் சாப்பிட்ட எந்தத் தமிழரும் அப்புறம் அதை விட்டதில்லை.

பசியோடு போய், பெரிதாக ஆர்டர் செய்வது

மதுரையிலிருந்து சித்தப்பா முதன்முறை வந்தபோது, விமான நிலையத்திலிருந்து நேராக நகரத்துக்குள் ஒரு டீப் டிஷ் கடைக்கு அழைத்துப் போனேன். இருபது மணி நேரப் பயணம், இரவு ஒன்பது மணி. நான்கு பேருக்குப் பெரிய அளவு சொன்னேன். வேக முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பசி தாங்காமல் பூண்டு ரொட்டியும் வறுவலும் வாங்கித் தின்றோம். பீட்சா வந்தபோது யாருக்கும் பசியில்லை. வந்ததும் வராததுமாக நானே அவசரமாக வெட்டினேன், தக்காளிச் சாறு தட்டெல்லாம் ஓடி, சீஸ் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம் என்று பிரிந்துபோனது. சித்தப்பா முகம் சுளிக்காமல் ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து மத்தியான வேளையில் மறுபடி போனோம். கிளம்பும் முன்பே போனில் ஆர்டர் சொல்லிவிட்டேன், உட்கார்ந்த பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. பரிமாறும் அம்மா தட்டை இடுக்கியால் பிடித்து, ஐந்து நிமிடம் அப்படியே வைத்தார். பிறகு கரண்டியை அடிவரை விட்டு முதல் துண்டை எடுத்தார். சுவர் நிமிர்ந்து நின்றது, சாஸ் அசையவில்லை. முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிட்டோம், இங்கே எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு போதும். ஒன்பது அங்குலம் என்றால் இரண்டு மூன்று பேருக்குத் தாராளம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் விடுவது

சிகாகோ பீட்சாவில் சாசேஜ் என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சி. சில டீப் டிஷ் கடைகளில் அதைத் துண்டுகளாகப் போடாமல் சீஸின் மேல் முழு வட்டமாகப் பரப்பிவிடுவார்கள், பொறுக்கி எடுக்கவும் முடியாது. பசலைக்கீரை, காளான் வகைகள் நன்றாக இருக்கும். ஆனால் மேலே தூவும் ரோமானோ, பார்மெசான் சீஸ்களை மரபுப்படி கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைச் சேர்த்துத்தான் உறையவைப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் அந்தக் கடையில் எந்தச் சீஸ் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

சண்டையை நம்பி முடிவெடுப்பது

2013இல் நியூயார்க்கின் நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டீப் டிஷ்ஷை வெளுத்து வாங்கினார். அது பீட்சாவே இல்லை என்பதுதான் அவர் வாதம். இந்த ஊரே கொதித்தது. அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலேயே தீர்ப்புச் சொல்கிறவர்களை இன்னும் சந்திக்கிறேன். ரவா தோசையைச் சாப்பிட்டுப் பழகியவர் ஊத்தப்பத்தைப் பார்த்து “இது தோசையே இல்லை” என்று எழுந்து போனால் நமக்கு எப்படி இருக்கும்? தின் கிரஸ்ட்டுக்கு மொறுமொறுப்பைப் பாருங்கள், டீப் டிஷ்ஷுக்குத் தக்காளியின் புளிப்பையும் ஓரத்தின் உதிர்வையும் பாருங்கள்.

வீட்டில் செய்யும்போது

டீப் டிஷ் மாவை சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம், சேர்ந்து வந்தால் போதும். அதிகம் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். தக்காளியின் தண்ணீரை வடிகட்டியில் முழுக்க இறக்கிவிடுங்கள், அடி ஊறிப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தத் தண்ணீர்தான். 220 டிகிரி செல்சியஸில், ஓவனின் கீழ்த்தட்டில், 30 முதல் 40 நிமிடம். தின் கிரஸ்ட்டுக்கு ஓவன் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடு வைத்து, கனமான தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் சுடுங்கள்.

மீந்துபோனதை மைக்ரோவேவில் வைத்தால் இரண்டு பீட்சாவும் சவசவத்துவிடும். டீப் டிஷ்ஷை ஓவனில் மெதுவாகச் சூடாக்குங்கள். தின் கிரஸ்ட் சதுரங்களுக்கு நம் தோசைக்கல்லே போதும். சின்னத் தீயில், மூடாமல், அடி மறுபடி மொறுமொறுக்கும் வரை.