மான் சீசனுக்கு முன் ரைஃபிளை ஜீரோ செய்வது எப்படி

அமெரிக்காவின் மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் நவம்பர் 15 அன்று தொடங்கும். விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை. கடைசி வாரம் சுடும் பயிற்சி ரேஞ்சில் நெரிசல் இருக்கும், அவசரத்தில் சுட்டால் எதுவும் சரியாக அமையாது. செப்டம்பரிலேயே ஜீரோ செய்துவிட்டு (அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்திவிட்டு), குளிர் வந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். இங்கே சொல்லும் கணக்கு .308 வின்செஸ்டர், 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா, கால் எம்.ஓ.ஏ. கிளிக் (ஒரு கிளிக் குண்டை 100 கெஜத்தில் சுமார் கால் அங்குலம் நகர்த்தும்) உள்ள ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, ஆகியவற்றுக்கானது.

குறி அலைந்தால் தோட்டாவைக் குறை சொல்லுமுன் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப் ரிங் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு முறுக்கு போதும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. அதிகம் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பின்னுதைப்பில் புருவம் கிழியும்.

மேசையில் முன்கட்டையின் கீழ் ஒரு மணல்மூட்டை, பின்கட்டையின் கீழ் ஒன்று. குழலை எதன் மேலும் சாய்க்காதீர்கள். அதன் அதிர்வு மாறி, குண்டு வேறிடத்தில் விழும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம்.

25 கெஜத்தில் தொடங்குங்கள். அறை காலி என்று உறுதி செய்து, அறையை மூடும் பின்பூட்டான போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாகப் பார்த்து இலக்கின் நடுப்புள்ளியைக் குழலின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்கு நகர்த்துங்கள். இங்கேதான் பலர் குழம்புவார்கள்: ஸ்கோப்பின் திருத்தத் திருகில் உள்ள அம்புக்குறி குண்டு நகரும் திசையைக் காட்டுகிறது. 'மேல்' பக்கம் திருப்பினால் குறுக்குக்கோடு கீழே இறங்குவதாகத் தெரியும்.

பிறகு மூன்று தோட்டா சுட்டு, மூன்று துளைகளின் நடுவை அளந்து திருத்துங்கள். ஒரே துளையைப் பார்த்துத் திருத்துவது வீண்வேலை. 25 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்கு 16 கிளிக், 100 கெஜத்தில் 4 கிளிக். அதாவது 25-இல் 2 அங்குலம் தாழ்ந்திருந்தால் 32 கிளிக் மேலே.

அடுத்து 100 கெஜம். இங்கே குழுமம் (மூன்று துளைகளின் கூட்டம்) நடுப்புள்ளிக்கு 2 அங்குலம் மேலே அமைய வேண்டும். அப்போது 200 கெஜத்தில் ஏறக்குறைய நேராக விழும். வெள்ளைவால் மானின் இதய-நுரையீரல் பகுதி சுமார் 8 அங்குலம். ஆகவே 200 வரை நடுவில் குறிவைத்தால் போதும். 300-இல் குண்டு 8 அங்குலத்துக்கும் மேல் இறங்கிவிடும், அந்தத் தூரத்தில் ஊகித்துச் சுடக்கூடாது.

வேட்டைக் குழல் மெலிது, சீக்கிரம் சூடேறும். சூட்டில் குழுமம் விரிந்து நகரும். மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஆறவிடுங்கள்.

மானுக்குப் போவது எப்போதும் ஆறிய குழலின் முதல் குண்டு. எனவே வெவ்வேறு நாட்களில், ஆறிய குழலிலிருந்து ஒரே ஒரு தோட்டா வீதம் ஒரே தாளில் சுட்டு வாருங்கள். அந்தத் துளைகள் சேருமிடம்தான் உங்கள் உண்மையான ஜீரோ. சுத்தம் செய்து எண்ணெய் பூசிய குழலில் முதல் குண்டு தவறக்கூடும்; கடைசிச் சுத்தத்துக்குப் பிறகு இரண்டு தோட்டா சுட்டுவிட்டு அப்படியே காட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டாவின் எடையோ பிராண்டோ மாறினால் ஜீரோவை மறுபடி பாருங்கள். ரைஃபிள் பரணிலிருந்து விழுந்தாலும் அப்படித்தான். சரிபார்க்காமல் மானைக் குறிவைக்காதீர்கள்.