கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து விடுவது எப்படி? தேடல் பெட்டி மட்டும் போதாது

"எங்கள் தரவு எல்லாம் இணையத்தில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று சொல்லும் பதிவுத் துறை உங்களுடையது என்றால், ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரே முகவரியில் எத்தனை நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன என்று உங்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். பெயரைத் தட்டு, கேப்ச்சாவை நிரப்பு, வரும் பிடிஎஃபுக்குக் காசு கட்டு என்று போகும் தளத்தில் இதற்கு விடை கிடைக்காது. தேடல் பெட்டி, பெயர் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும். ஆனால் செய்தியாளருக்கும் கடன் கொடுப்பவருக்கும் ஏமாந்து போனவருக்கும் பெரும்பாலும் தெரியாதது அந்தப் பெயர்தான்.

அதனால் முதல் வேலை, முழுப் பதிவேட்டையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி செய்வது. ஏபிஐ (மற்றவர்களின் நிரல்கள் தரவை நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி), வரைபடம், அழகான தளம் எல்லாம் அப்புறம். பிரிட்டனின் நிறுவனப் பதிவுத் துறையான கம்பெனீஸ் ஹவுஸ் அப்படித்தான் செய்கிறது. நடப்பில் உள்ள நிறுவனங்களின் அடிப்படை விவரங்களை மாதம் ஒருமுறை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகப் போடுகிறார்கள். அதை இறக்கக் கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். முன்பு ஆவணத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 2015இல் இணையத்தில் இருந்த பதிவேட்டுத் தகவலை இலவசமாக்கினார்கள். "வருமானம் போய்விடுமே" என்ற கேள்வி உங்கள் அலுவலகத்திலும் கட்டாயம் வரும். பதிவு செய்பவர்களிடம் வாங்கும் கட்டணத்திலேயே வெளியிடும் செலவையும் சேர்த்துவிடலாம் என்பதுதான் பதில்.

அடுத்தது பதிவு எண். நான் அதிகம் அடிபட்ட இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். நிறுவனத்தின் பெயரை வைத்து இரண்டு பட்டியல்களை இணைக்கப் போனால் ஒன்றில் 'லிமிடெட்' இருக்கும், இன்னொன்றில் 'லிட்' இருக்கும், மூன்றாவது இடத்தில் போன வருஷமே மாற்றிவிட்ட பழைய பெயர் இருக்கும். எண்தான் மாறாது, ஆனால் அதையும் எக்செல் விட்டுவைக்காது. 00012345 என்ற எண்ணுள்ள சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் 12345 என்று வரும், மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாலும் அதே கதைதான். யாராவது அதை அப்படியே சேமித்து அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு எதோடும் பொருந்தாது, ஏன் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். எனவே கோப்போடு வைக்கும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே 'பதிவு எண் பத்தியை (நெடுவரிசையை) உரையாக இறக்குமதி செய்யுங்கள்' என்று எழுதுங்கள். கலைந்துபோன நிறுவனத்தின் எண்ணை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். பழைய பெயர்களை, எப்போது மாறின என்ற தேதியோடு சேர்த்துக் கொடுங்கள். எல்இஐ என்ற, உலக அளவில் நிறுவனத்தை அடையாளம் காட்டும் 20 எழுத்துக் குறியீடு உள்ள நிறுவனம் என்றால் அதையும் ஒரு பத்தியில் வையுங்கள், நாடு தாண்டித் தேடுகிறவருக்கு அதுதான் பாலம்.

கலைக்கப்பட்ட நிறுவனங்களைக் கோப்பிலிருந்து நீக்கிவிடும் பழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காசை வாங்கிக்கொண்டு மூடிவிட்டுப் போன கம்பெனியைத்தானே பாதிப்பேர் தேடி வருகிறார்கள்!

சின்ன விஷயங்கள் சில. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்றே எழுதுங்கள், 03/04/2015 மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. நாட்டின் பெயரை அவரவர் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தும் அதில் சரியாக வரும். 'நிலை' என்ற பத்தியில் வெறும் ஏ, டி என்று இருந்தால் அவற்றுக்கு என்ன பொருள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

உரிமத்தைச் சொந்தமாக எழுத உட்காராதீர்கள், சட்டப் பிரிவு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும், கடைசியில் யாருக்கும் புரியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பின் ஆயத்த உரிமங்களில் சிசி0 (எந்த நிபந்தனையும் இல்லை) அல்லது சிசி-பிஒய் 4.0 (மூலத்தைக் குறிப்பிட வேண்டும்) எடுத்துக்கொள்ளுங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் இந்தத் தரவை வைத்து நல்ல சேவை கட்டக்கூடியவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

சரி, அந்தரங்கம்? இதைக் கடைசி நேரத்தில் யோசித்தால் மொத்த வேலையும் முடங்கும். 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் விவரத்தை எல்லோரும் பார்க்கலாம் என்ற விதி தனியுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதையடுத்து சில நாடுகள் திறந்திருந்த பதிவேட்டையே மூடின. ஆகவே பத்தி பத்தியாக உட்கார்ந்து முடிவெடுங்கள். இயக்குநரின் வீட்டு முகவரி வேண்டாம், கடிதம் போய்ச் சேரும் முகவரி போதும். பிறந்த தேதியை முழுதாக மறைத்தால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரிக்க முடியாது. கம்பெனீஸ் ஹவுஸ் நாளை மட்டும் மறைத்து, மாதத்தையும் ஆண்டையும் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து நல்ல சமரசம் இதுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்: இது நிறுவனங்கள் தாக்கல் செய்த விவரம், துறை சரிபார்த்தது எது, சரிபார்க்காதது எது என்று. பக்கத்திலேயே தவறைத் தெரிவிக்க ஒரு பொத்தான் வையுங்கள், வரும் புகாரைப் படிக்க ஒரு ஆளையும் வையுங்கள். ஆள் இல்லாத பொத்தானுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மதிப்பு இருக்காது.

கோப்பு வெளிவந்த பிறகு பத்தித் தலைப்பைச் சும்மா அழகுக்காக மாற்றிவிடாதீர்கள். 'பதிவு எண்' என்றிருந்ததை 'நிறுவன எண்' ஆக்கினால், அன்று ராத்திரியே எங்கோ யாரோ எழுதிய நிரல் நின்றுபோகும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்னதாக அறிவித்து, அதுவரை பழைய கோப்பையும் பழைய முகவரியிலேயே விட்டு வையுங்கள்.