அரசுப் பேருந்தில் ஸ்பிதி: கீழிருந்து மேலே நடக்கும் வழி

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஊர்விட்டு ஊர் நடப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கின் தலைமை ஊரான காசாவில் இறங்கி, ஜீப் பிடித்து லாங்ஸா போய், அங்கிருந்து தங்கர் நோக்கி இறங்கி வருகிறார்கள். பேருந்தில் வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்த் திசை. தாபோவில் இறங்குங்கள். தங்கர், லாலுங், தேமுல், கோமிக், லாங்ஸா என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் காசாவுக்கு இறங்குங்கள். காரணம் உயரம்தான். காசா ஏறக்குறைய 3,650 மீட்டர், லாங்ஸா 4,400. ஒரே நாளில் 750 மீட்டர் கூடுதலான இடத்தில் படுத்தால் தலைவலி வராமல் இருப்பதுதான் அதிசயம்.

பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்கும் இதே கணக்கு. மணாலி வழியாக வந்தால் ஒரே பகலில் 4,551 மீட்டர் குன்சும் கணவாயைத் தாண்டிவிடுவீர்கள். சிம்லா, கின்னௌர் மாவட்டம் வழியாக வருவது நீளம். ஆனால் உடம்பு பழக அவகாசம் தருகிறது. சென்னையிலிருந்து ரயிலில் டெல்லி, அங்கே காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தில் சிம்லா. அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு கின்னௌரின் தலைநகரான ரெக்காங் பியோ. இது 9 முதல் 10 மணி நேரம். பியோ 2,290 மீட்டர், நம் ஊட்டியின் உயரம்தான். அங்கே ஓர் இரவு கட்டாயம் தங்கியே ஆகவேண்டும், ஏனென்றால் காசா செல்லும் எச்.ஆர்.டி.சி. (இமாசல அரசுப் போக்குவரத்துக் கழகம்) பேருந்து விடியற்காலையில் கிளம்பிவிடும். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். முந்தின மாலையே கவுன்டரில் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள்.

இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு பியோவுக்கும் காசாவுக்கும் இடைப்பட்ட எல்லைச் சாலைக்குத் தனி அனுமதி வேண்டும். அதை பியோவிலேயே வாங்கலாம். அலுவலக நாளாகப் பார்த்து வந்து சேருங்கள்.

பையின் எடை 9 கிலோவைத் தாண்டவே கூடாது. நடப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கின்னௌரில் மண் சரிந்து சாலை அடைபட்டால், இந்தப் பக்கம் ஒரு பேருந்தும் அந்தப் பக்கம் ஒரு பேருந்தும் நிற்கும். பயணிகள் சரிவைக் கால்நடையாகக் கடந்து வண்டி மாற வேண்டும். கல் உருளும் இடத்தில் இரண்டு கையிலும் சாமான் இருந்தால் ஆபத்து. ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். ஸ்பிதி மழைமறைவுப் பகுதி, அங்கே நனைய மாட்டீர்கள். மழை பிடிப்பது வழியில் உள்ள கின்னௌரில். ஜூன் பிற்பாதியும் செப்டம்பரும் எங்கள் தேர்வு. எப்போது போனாலும் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

பேருந்து நாக்கோ பக்கம் ஏறும்போது உங்களிடம் உள்ள சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். கீழே தளர்ந்து கிடந்தது பந்து மாதிரி உப்பி நிற்கும். வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைந்திருக்கிறது. லாங்ஸா உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும்.

தாபோவில் (3,280 மீட்டர்) இரண்டு இரவு தங்குங்கள். 996-இல் கட்டிய மண் மடாலயம் அங்கே இருப்பதால் ஓய்வு நாள் வீணாகாது. பிறகு காசா போகும் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி ஷிச்லிங்கில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து தங்கருக்குச் சாலை 8 கிலோமீட்டர் ஏற்றம், பையோடு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தங்கர் சுமார் 3,890 மீட்டர். இங்கும் இரண்டு இரவு. இடைப்பட்ட நாளில் மடாலயத்துக்கு மேலே உள்ள ஏரிக்கு ஒரு மணி நேரம் ஏறி, மேலே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வாருங்கள். உயரே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்குவதைப் போல உடம்பைப் பழக்குவது வேறெதுவும் இல்லை.

அடுத்து லாலுங். பெரும்பாலும் வண்டிச் சாலை, சுலபமான நடை. உயரமும் சற்றுக் குறைகிறது. மறுநாள்தான் பயணத்தின் கடினமான ஏற்றம். லிங்தி ஆற்றுக்கு இறங்கி, பாலம் கடந்து, எதிர்ச்சரிவில் தேமுலுக்கு (சுமார் 4,300 மீட்டர்) ஏற வேண்டும். காலை 7 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காற்று முகத்தில் மண்ணை வாரி அடிக்கும், நிழலே கிடையாது. பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தங்கரில் ஏற்கெனவே 3,890-இல் தூங்கிப் பழகியதால் தேமுல் இந்த வரம்புக்குள் அடங்குகிறது. அதனால்தான் தங்கரில் இரண்டு இரவு என்று வற்புறுத்துகிறோம். தாபோவிலிருந்து தங்கர் மட்டும் இந்த வரம்பைச் சற்றுத் தாண்டுகிறது, அதற்காகத்தான் தாபோவிலும் இரண்டு இரவு. தேமுலிலும் இரண்டு இரவு தங்குங்கள். விருந்தினரை ஊரார் முறை வைத்து வீடுகளில் தங்கவைப்பார்கள். இந்த வீடு வேண்டும், அந்த வீடு வேண்டும் என்று கேட்காதீர்கள். தண்ணீர் இங்கே 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே குக்கர் இல்லாமல் சோறு வேகாது. துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ, பார்லி மாவு என்று அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். கழிப்பறை உலர் வகை. போன பிறகு ஒரு மண்வெட்டி மண்ணைத் தள்ளுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த எருதான் வயலுக்குப் போகிறது.

தேமுலிலிருந்து கோமிக் (4,587 மீட்டர்) நீண்ட நாள், ஆறு முதல் எட்டு மணி நேரம். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஊரில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். யாக் மேய்ந்த தடங்கள் நாலாபக்கமும் பிரிகின்றன, ஆஃப்லைன் வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பாதை மாதிரிதான் தெரியும். வழியில் நம்பகமான நீரூற்று இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோமிக்கிலிருந்து ஹிக்கிம் அஞ்சலகத்தில் கடிதம் போட்டுவிட்டு லாங்ஸா போவது அரை நாள் நடை. லாங்ஸாவிலிருந்து காசாவுக்குப் பேருந்து தினமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நடந்தால் நாலைந்து மணி நேர இறக்கம்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், அல்லது ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கும்போது தள்ளாடினால், நள்ளிரவானாலும் வீட்டுக்காரரிடம் சொல்லி வண்டி பிடித்துக் கீழே இறங்கிவிட வேண்டும். காசாவில் மருத்துவமனை இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும் தவறு. அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து என்பது வழக்கமான தடுப்பு அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, எனவே ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்.

பணத்தை நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக பியோவிலேயே எடுத்து வையுங்கள், ஊர்களில் ஏ.டி.எம். கிடையாது. வெயில் கண்ணாடி, கம்பளித் தொப்பி, உதட்டுக் களிம்பு, தலைவிளக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

திரும்பும்போது குன்சும் வழியாக மணாலி போகலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், கணவாய் பயமில்லை. கோடையில் கணவாய் திறந்த பிறகுதான் அந்தப் பேருந்து ஓடும், அதுவும் விடியலில் கிளம்பிவிடும். வெயில் ஏறினால் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகள் பெருகும். மதியத்துக்குள் அவற்றைத் தாண்டிவிட வேண்டும். முந்தின மாலை காசா நிலையத்தில் வண்டி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வந்த வழியே பியோ போகும் பேருந்தில் ஏறிவிடுங்கள்.